சொல்லாமல் எடுத்த விடுப்பு

அந்தக் காலத்தில் அந்த ஊரில் இருந்தவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் அந்தச் செருமலைத்தான் சொல்வார்கள். விடிவதற்குச் சற்று முன்னால், சாத்தூர் போகும் முதல் பஸ் இன்னும் விளக்குப் போடாமல் நின்றுகொண்டிருக்கும்போது, பஸ் நிலையத்துக் கம்பத்தின் உச்சியில் இருந்த தகரக் கூம்பு ஒரு தரம் கரகரக்கும், பிறகு ஒரு பெண்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொள்கிற சத்தம் வரும், கழற்றிய தோட்டைக் கிண்ணத்தில் போட்டதுபோலச் சின்னதாக, கொஞ்சம் கூச்சத்தோடு. அதைக் கேட்டுத்தான் டீக்கடையில் பால் அடுப்பேறும், அதைக் கேட்டுத்தான் பூக்காரிகள் சாக்கை உதறி விரிப்பார்கள், அதைக் கேட்டுத்தான் தெருவில் தண்ணீர் தெளிக்கிறவர்கள் வாளியை எடுப்பார்கள். அந்தச் செருமலுக்கு உரியவள் அதே நேரத்தில் சில தெருக்கள் தள்ளித் தன் தாய்வீட்டில், ஒருக்களித்துப் படுத்து, வயிற்றுக்கு அடியில் தலையணையை அண்டக் கொடுத்து, வாய் திறந்து ஒரு சொல் பேச முடியாமல் கிடந்தாள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

அவள் பெயர் முப்பிடாதி. அந்த பஸ் நிலையத்தின் அறிவிப்பாளர். நகராட்சி வேலை, கண்ணாடிக் கூண்டு, ஒரு மைக், கடகடக்கும் மின்விசிறி. கூண்டுக்கு வெளியே அவள் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. வீட்டில் "சாப்பாடு எடுத்து வைக்கட்டா" என்று கேட்டால், தையல் மெஷினில் குனிந்திருக்கும் புருஷன் சிவனணைந்தான் "என்ன?" என்பான், இரண்டாம் தடவை சொன்னாலும் "என்ன?" என்பான், மூன்றாம் தடவை அவள் தட்டை எடுத்து வைத்துவிடுவாள். ஆனால் அந்தக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்து, செருமி, "கயத்தாறு, கங்கைகொண்டான் வழியாகத் திருநெல்வேலி செல்லும் பேருந்து" என்று அவள் தொடங்கினால், திருநெல்வேலியில் யாரும் இல்லாதவர்கள்கூட ஒரு கணம் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பார்கள்.

இது அவளுக்கு இரண்டாவது பேறு. முதலில் பிறந்தது ஆண். எல்லா விரலும் இருந்தது, தலை நிறைய முடி இருந்தது, அழுகை மட்டும் இல்லை. நர்ஸ் அதைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், முகத்தில் தண்ணீர் தெளித்தாள், பிறகு ஒரு துணியில் சுற்றி சன்னலோரம் வைத்தாள். அறைக்குள் அன்று கேட்டதெல்லாம் வெளியே யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சத்தம். அதிலிருந்து முப்பிடாதிக்கு ஆண் வேண்டும் பெண் வேண்டும், சிவப்பாக வேண்டும் என்ற ஆசையெல்லாம் போய்விட்டது. பிறந்ததும் அழ வேண்டும். அது ஒன்றுதான்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் புறப்படுகிற பிள்ளைத்தாய்ச்சி யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது. "போயிட்டு வாரேன்" என்று வாயெடுக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது; வளையல் குலுங்கப் படியிறங்கி, தன் பாட்டுக்கு நடந்துவிட வேண்டும். முதல் பேற்றின்போது முப்பிடாதி, படித்த பெண் அல்லவா, மாமியாரிடமும் புருஷனிடமும் அடுத்த வீட்டு மதினியிடமும் மரியாதையாகச் சொல்லிக்கொண்டுதான் வந்தாள். அதனால் இந்தத் தடவை அவள் அம்மா ஆவுடையம்மாள் முன்கூட்டியே கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஏட்டி, இந்த வாட்டி வீட்டுல மட்டுமில்ல, ஒரு எடத்துலயும் சொல்லாத. கடையில சொல்லாத. ஆபீசுல சொல்லாத. வாயை மூடிக்கிட்டு வந்து சேரு."

முப்பிடாதி அப்படியே செய்தாள். பஸ் நிலையத்தில் அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது: தினமும் வேலை முடிந்ததும் மைக்கை அணைப்பதற்கு முன், அடுத்த அறையில் இருக்கும் டைம் கீப்பர் தங்கப்பழத்திடம் "போயிட்டு வாரேன் அண்ணாச்சி" என்பாள்; மைக் திறந்தே இருப்பதால் அது கூம்பிலும் கேட்கும்; ஊர் அதை அன்றைய கடைசி அறிவிப்பாக எடுத்துக்கொள்ளும். விடுப்பு தொடங்கும் நாளுக்கு முந்தைய மாலை அவள் அதைச் சொல்லவில்லை. மைக்கை அணைத்தாள், தூக்குவாளியையும் முதுகுக்கு வைத்துக்கொள்ளும் குட்டித் தலையணையையும் எடுத்தாள், இடுப்பில் கை ஊன்றியபடி, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். புகுந்த வீட்டுக்கு உரிய வழக்கத்தை வேலைக்கும் சேர்த்துச் செய்துவிட்டாள். குரலிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அது மறுநாளும் வேலைக்கு வந்தது. வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, அது போகவே இல்லை.

மறுநாள் காலை ஆவுடையம்மாள் காப்பியோடு வந்து எழுப்பியபோது, சீனி குறைவாகப் போட்டாயா என்று கேட்க முப்பிடாதி வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் தூரத்தில் கூம்பு செருமி, பயணிகளின் கவனத்தைக் கேட்டு, சாத்தூர் வண்டியை அனுப்பியது.

"இந்தா, ஒன் வண்டி கெளம்பிட்டு" என்றாள் ஆவுடையம்மாள், பல வருஷப் பழக்கத்தில். பிறகு டம்ளரைக் கீழே வைத்தாள். "நீ இங்க இருக்க. அங்க யாரு?"

முப்பிடாதி தன் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டினாள்.

அரசு மருத்துவமனையில் பெண் டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது, குரல் மட்டும் பஸ் நிலையத்தில் இருக்கிறது என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் பக்கத்தில் நின்ற நர்ஸ், முதல் பேற்றின்போதும் இருந்தவள், மாத்திரையைப் பொட்டலம் கட்டியபடியே கேட்டாள்: "தாய்க்கே கொரல் இல்லேன்னா, பிள்ளை எதை வச்சு அழும்?" கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. முப்பிடாதி அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டே வந்தாள். வலி வருவதற்குள் குரலைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்பதைத் தவிர அவள் மனதில் வேறொன்றும் இல்லை.

ஊர் இதற்கிடையில் பழகிவிட்டது. முதல் நாள் கொஞ்சம் கூட்டம் கூடியது, இரண்டாம் நாள் பாதியானது, அதற்கப்புறம் வெளியூர்க்காரர்கள் மட்டும்தான் காலிக் கூண்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள், "உள்ள ஆளே இல்ல, தானாப் பேசுதே" என்று. உள்ளூர்க்காரர்கள், "அந்தம்மா பிரசவத்துக்குப் போயிருக்கு" என்று சொல்லிவிட்டு வெள்ளரிக்காயைக் கடித்தார்கள். நகராட்சியில் ஒரு சந்தேகம் எழுந்தது: குரல் வேலைக்கு வருகிறது என்றால் அந்த அம்மாள் விடுப்பில் இருக்கிறாளா இல்லையா. ஆணையர் ஒரு முழு மதியம் யோசித்து, உடம்புக்கு விடுப்பு, குரலுக்குப் பணி என்று வாய்மொழியாக உத்தரவிட்டார். பதில் ஆள் போட வேண்டியதில்லை என்றதும் எல்லோருக்கும் நிம்மதி.

மிகவும் நிம்மதி அடைந்தவர் தங்கப்பழம். அந்தக் குரலுக்கு டீ வேண்டாம், நாற்காலி வேண்டாம், பசி இல்லை, தலைவலி இல்லை, கண்டக்டர்கள் சண்டை போட்டால் ஒரு அதட்டில் அடக்கியது. வீட்டில் இருந்தவரை அதட்டியே அறியாத குரல் அது. பனி பெய்த ஒரு காலையில் கூம்பு கொஞ்சம் கரகரத்தது என்பதற்காகப் பூக்காரிகள் கம்பத்தடியில் சுக்கும் பனங்கற்கண்டும் வைத்தார்கள்; அடுத்த நாள் சரியாகிவிட்டதால் அது வழக்கமாயிற்று. பிறகு ஆட்கள் அதனிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். கம்பத்தடியில் நின்று அண்ணாந்து கேட்டால், அடுத்த அறிவிப்போடு சேர்த்து பதில் வரும். "எட்டயபுரம் செல்லும் பேருந்து இரண்டாம் நடைமேடையில் தயாராக உள்ளது. அந்த மாப்பிள்ளை வேண்டாம்மா, அவன் வாரம் ஒரு தடவை கோவில்பட்டிக்கு டிக்கெட் எடுக்கான், அங்க அவனுக்கு வேலை ஒண்ணும் இல்ல." பெண் வீட்டார் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

சிவனணைந்தானின் கடை பஸ் நிலையத்துக்கு எதிரில். அவன்தான் எல்லோரையும்விடச் சீக்கிரம் பழகிக்கொண்டான். முதலில் பீரோ சாவி எங்கே என்று கேட்டான். அரிசி டின்னுக்குப் பின்னால் என்று கூம்பு சொன்னது. பிறகு ரசத்துக்கு எவ்வளவு புளி என்று கேட்டான். பிறகு எதையும் கேட்காமலே, சட்டைப் பித்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டே, அன்று வந்த வாடிக்கைக்காரர்களைப் பற்றியும் இடுப்பு வலியைப் பற்றியும் அதனிடம் பேச ஆரம்பித்தான்; கல்யாணமான நாளிலிருந்து அவன் பெண்டாட்டியோடு இவ்வளவு பேசியதில்லை. மாலையில் மாமியார் வீட்டுக்கு வந்து முப்பிடாதியின் கட்டிலோரம் உட்காரும்போது அவனிடம் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது. அவளும் பேச முடியாது. இருவரும் சேர்ந்து மின்விசிறியைப் பார்ப்பார்கள்.

"அத்தை, இவகிட்ட காலையிலயே எல்லாம் சொல்லிட்டேன்" என்பான் எழுந்திருக்கும்போது.

"இவகிட்ட எங்க சொன்னீங்க மாப்ள" என்பாள் ஆவுடையம்மாள். "தகரத்துகிட்டல்லா சொல்லியிருக்கீங்க."

ஒரு மதியம், வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருந்தபோது, அம்மா கண்ணயர்ந்த நேரம் பார்த்து முப்பிடாதி செருப்பைப் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். வழியில் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்து நின்றாள். பஸ் நிலையத்துக்குள் அவள் நுழைந்ததுமே கூம்பு பாதி அறிவிப்பில் நின்று, செருமிக்கொண்டது.

"பயணிகள் கவனத்திற்கு. மூன்றாம் நடைமேடையில் நிறைமாசமா நிக்கிறது நான்தான். யாராச்சும் எந்திரிச்சு எடம் விடுங்க."

ஒரு பெஞ்சே காலியாயிற்று. முப்பிடாதி உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பிறகு அண்ணாந்து, தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை வளைத்து வா என்றாள்.

"தெரியுது" என்றது கூம்பு. "வந்து என்ன செய்யணும்? உப்பு போதுமான்னு கேக்கணும். அவிய என்னன்னு கேட்டா மறுபடியும் கேக்கணும். மாமா தூங்குதாங்க, மெள்ளப் பேசுன்னு அத்தை சொன்னா மெள்ளப் பேசணும். அந்தத் தொண்டைக்குள்ள நான் மடங்கியே கெடந்தேன், ஒனக்குத் தெரியாதா? இங்க நில்லுன்னா வண்டி நிக்கி. போன்னா போவுது."

சுற்றி நின்றவர்கள் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எதிர்க்கடையில் தையல் மெஷின் நின்றுவிட்டது.

தங்கப்பழம் தன் அறையிலிருந்து வந்து கூண்டுக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டார். "நாங்க ஒண்ணும் கட்டிப் போடல தாயி. அதுவா இருக்கு. நீ சொல்லிக்கிட்டுப் போயிருந்தா அது அப்பவே ஒங்கூட வந்திருக்கும். இப்ப சொல்லலாம்னா, ஒனக்குச் சொல்ல வாய் இல்ல. நான் என்ன செய்ய முடியும்?" அவர் குரலில் வருத்தம் இருந்தது. வருத்தத்துக்குப் பின்னால் மகிழ்ச்சியும் இருந்தது.

"போங்க அண்ணாச்சி, ஒமக்குச் சும்மா வேலை பாக்க ஆள் கெடச்சிட்டு" என்றாள் வெள்ளரிக்காய் விற்கும் சுடலைவடிவு. அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கூம்பைப் பார்த்தாள். "ஏ கொரலு, ஒனக்கு நெஞ்சே கெடையாதா?"

"அது அவகிட்ட இருக்கு" என்றது கூம்பு.

முப்பிடாதி கையை மறுபடியும் தூக்கினாள். தூக்கிய கை பாதியில் நின்று பெஞ்சின் விளிம்பைப் பிடித்தது. முகம் சுருங்கியது. அவள் வாய் அகலத் திறந்தது, ஒரு சத்தமும் வரவில்லை. கூம்பிலிருந்து "அம்மா" என்று ஒரு கூப்பாடு எழுந்து, கடைகளின் தகரக் கதவுகளில் மோதி, பஸ் நிலையத்தைச் சுற்றி வந்தது.

"மன்னிக்கவும்" என்றது கூம்பு. "கயத்தாறு வண்டி நடைமேடைக்கு வரவும்."

ஆட்டோ பிடிக்க ஓடியவன் ஆட்டோவோடு வருவதற்குள் சுடலைவடிவும் பூக்காரிகளும் அவளைப் பெண்கள் காத்திருப்பு அறைக்குள் கொண்டுபோய்ச் சாக்கு விரித்துப் படுக்க வைத்து, வாசலில் சேலையைப் பிடித்துக்கொண்டார்கள். யாரோ போய்ச் சொல்லி ஆவுடையம்மாள் தலைமுடி அவிழ வந்து சேர்ந்தாள். சிவனணைந்தான் கழுத்தில் டேப்போடு வாசலில் நின்றான். அதைவிட அமைதியான பிரசவத்தை அந்த அறையில் இருந்த பெண்கள் யாரும் பார்த்ததில்லை. வியர்வை ஓடுகிறது, நரம்பு புடைக்கிறது, வளையல் உடைகிறது, வாயிலிருந்து காற்று மட்டும் வருகிறது. அலறல் முழுவதும் வெளியே, கம்பத்தின் உச்சியில். ஒவ்வொரு அலறலுக்குப் பிறகும் கூம்பு மன்னிப்புக் கேட்டது, ஒவ்வொரு மன்னிப்புக்குப் பிறகும் ஒரு பஸ்ஸை அனுப்பியது, அனுப்பிய பஸ்கள் ஊர் எல்லை தாண்டும்வரை அந்த அலறலைக் கேட்டுக்கொண்டே போயின. "அவ கூடயே இருந்தா இவ்வளவு வலிக்காதோ என்னமோ" என்று அது ஒரு தடவை சொன்னதைச் சிலர் கேட்டிருக்கிறார்கள்.

பெண் குழந்தை. எல்லா விரலும் இருந்தது, தலை நிறைய முடி இருந்தது.

அழவில்லை.

சுடலைவடிவு தட்டினாள். ஆவுடையம்மாள் வாங்கிக் கால் பாதத்தைச் சுண்டினாள், முதுகைத் தேய்த்தாள், "ஏ ராசாத்தி, ஏ ராசாத்தி" என்றாள், பிறகு அதையும் நிறுத்திவிட்டாள். வெளியே சேலை பிடித்திருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குழந்தையின் உதடுகள், தாயின் உதடுகளைப் போலவே, திறந்து திறந்து மூடின.

முப்பிடாதி முழங்கையை ஊன்றி எழுந்தாள். காத்திருப்பு அறையின் சன்னல் கம்பிகளுக்கு வெளியே கம்பமும் கூம்பும் தெரிந்தன. அவள் ஒரு கையால் தன் தொண்டையைத் தொட்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். இன்னொரு முறையும் ஆட்டினாள், அது சரியாகப் புரிந்துகொள்ள வேண்டுமே என்பதுபோல. பிறகு அந்தக் கையை நீட்டிக் குழந்தையைக் காட்டினாள். எனக்கு வேண்டாம். இதுக்குப் போ.

கூம்பு அப்போது ஒரு அறிவிப்பில் இருந்தது. "நாகலாபுரம் வழியாக" என்றது. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கரகரப்பு நின்றது. கம்பத்தில் தகரம் மட்டும் இருந்தது, அதன்மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது.

அறைக்குள் அழுகை எழுந்தது. பச்சைப்பிள்ளையின் வீறல் இல்லை; முழுதாக வளர்ந்த, ஒவ்வொரு மூச்சும் தெளிவாக விழுகிற, பஸ் நிலையத்தின் கடைசிப் பெஞ்சு வரைக்கும் போய்ச் சேருகிற அழுகை. திருநெல்வேலிக்குப் போக வேண்டாதவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார்கள். இரண்டு டிரைவர்கள் இஞ்சினைக் கிளப்பிவிட்டார்கள். தங்கப்பழம் பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கூண்டுக்குள் போய் மைக்கைத் தட்டிப் பார்த்தார், பிறகு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டே" என்றார் மைக்கைப் பார்த்து.

"பேறுகால வீட்டுக்கு அப்படித்தான் வரணும்" என்றாள் ஆவுடையம்மாள், ரத்தம் தோய்ந்த துணியோடு அவரைக் கடந்து போகையில்.

நாகலாபுரம் வழியாக எங்கே என்று யாருக்கும் சொல்லப்படாததால் அந்த பஸ் வெயில் தாழும்வரை நின்றுகொண்டிருந்தது. பிறகு கண்டக்டர், எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும் என்று விசில் கொடுத்தார். ஊர் சில நாள் காலையில் தாமதமாக எழுந்தது. டீக்கடைக்காரர் அலாரம் வாங்கினார். கம்பத்தடியில் வைத்த பனங்கற்கண்டை எறும்பு தின்று தீர்த்தது. நகராட்சி ஒலிநாடாவில் பதிந்த ஒரு குரலை வாங்கிப் போட்டது. அதனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

குழந்தைக்கு மங்களவடிவு என்று பெயர் வைத்தார்கள். தொட்டிலில் கிடந்து பெரிய மனுஷி குரலில் அவள் பால் கேட்டால் தெருவில் போகிறவர்கள் முதலில் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு பார்ப்பதில்லை. முப்பிடாதிக்குப் பேச்சு வரவில்லை. அவள் அதற்காக எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. சிவனணைந்தான் முதலில் சில மாதம் தன் பெண்டாட்டியின் குரலைத் தொட்டிலில் கேட்கும்போதெல்லாம் சாவி எங்கே என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டான். பிறகு மெஷினை நிறுத்திவிட்டுப் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டான். கையையும் புருவத்தையும் பார்த்தால்தானே அவள் என்ன சொல்கிறாள் என்று தெரியும். குழந்தை முதன்முதலாக "அம்மா" என்று கூப்பிட்ட அன்று முப்பிடாதி அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தன் குரல் தன்னைக் கூப்பிடுவதைக் கேட்டு, கத்தியைக் கீழே வைத்து, சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றாள். அது மறுபடியும் கூப்பிட்டது. போனாள்.

மங்களவடிவு வீட்டில் இரைந்துதான் பேசுவாள். யாரும் அவளிடம் "என்ன?" என்று இரண்டாம் தடவை கேட்டதில்லை.

விடுப்பு முடிந்ததும் முப்பிடாதி வேலைக்குத் திரும்பினாள். நகராட்சி அவளைப் பஸ் நிலையத்து சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் வில்லை கொடுக்கப் போட்டது. ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தாள்.